ராகு காலத்துக்கு முன் ஒரு ரூபாய்

அந்த ஆளுக்கு நல்ல குரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "பேச்சுலயே தெரிஞ்சிருக்குமே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வருகிறது. தெரியவில்லை. கல்யாண மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்புகிற சொந்தக்காரர் ஒருவர் இருப்பாரே, அவருடைய குரல் அது. அவசரம் இல்லை, அதட்டல் இல்லை, ஒவ்வொரு வார்த்தையிலும் மரியாதை. 

நான் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். வாடிக்கையாளர் பணம் போட்டுவிட்டதாகச் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினால் நம்ப மாட்டேன். எங்கள் மேஜையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாய் திறந்து சொன்ன பிறகுதான் பையைக் கொடுப்பேன். "என்னங்க, எங்களப் பாத்தா ஏமாத்தறவங்க மாதிரியா தெரியுது?" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பணம் வாங்குகிற பக்கம் எனக்கு அத்துப்படி. அனுப்புகிற பக்கம் நின்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது அந்த ஆவணி மாதத்தில்தான் தெரிந்தது.

என் தங்கை கொடுமுடியில் இருக்கிறாள். கணவர் இறந்துபோனதிலிருந்து தினமும் பஸ் ஏறி ஈரோட்டுக்குப் போய் ஒரு தையல் யூனிட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு நைட்டி தைத்து ஜவுளிச் சந்தை வியாபாரி ஒருவருக்குக் கொடுப்பாள். அந்த வியாபாரி, ஓவர்லாக் மெஷின் ஒன்று இருந்தால் குழந்தைகள் உடுப்பு முழுவதையும் உனக்கே தருகிறேன் என்று சொன்னார். துணியின் ஓரம் பிரியாமல் அடித்துக் கொடுக்கிற மெஷின் அது, இவளிடம் இருந்ததோ சாதாரணத் தையல் மெஷின். அவ்வளவுதான், அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பல மாதங்களாகக் கட்டிக்கொண்டிருந்த சீட்டை, கழிவு போனால் போகட்டும் என்று தள்ளி எடுத்தாள். யூனிட்டில், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லியும் விட்டாள்.

"மெஷினே இன்னும் வரலியே, அதுக்குள்ள எதுக்குப் புள்ள சொன்னே?" என்று கத்தினேன்.

"வந்துருமுக்கா. எத்தன நாளைக்கு அந்த பஸ்ஸுல தொங்கறது?" என்றாள்.

அந்தச் சீட்டுப் பணத்தை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. எனக்கும் அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை.

பழைய சாமான்கள் விற்கிற இணையப் பக்கம் ஒன்றில் அவள் அந்த மெஷினைப் பார்த்தாள். படம் படமாகப் போட்டிருந்தான். மெஷின், ஊசி, மோட்டார், கடையின் பெயர்ப் பலகை. கடை காந்திபுரத்திலேயே ஒரு குறுக்குத் தெருவில், நான் வேலை செய்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரம். நீயே பேசிவிடு அக்கா என்று எனக்கு நம்பரை அனுப்பினாள். பேசினேன்.

"ஏனுங்க அம்மணி, தாராளமா வந்து பாருங்க, உங்க கடைன்னு நெனச்சுக்குங்க. ஆனா இந்த வாரம் கடை சாத்தியிருக்குதுங்க. அம்மாள ஆஸ்பத்திரில சேத்திருக்குது. மெஷினும் பல்லடம் குடோன்ல கெடக்குது. ஒண்ணும் அவசரமில்லீங்க, அம்மா ஊட்டுக்கு வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அப்போது எனக்கு அவர் 'அவர்'தான்.

இங்கேதான் விழுந்தோம். வேறு யாராவது என்றால், மெஷினை ஓட்டி வீடியோவில் காட்டுங்கள் என்று கேட்டிருப்பார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் அதைக் கேட்க எங்களுக்கு வாய் வராது. கேட்டால் மனிதத்தன்மை இல்லாதவர்கள் ஆகிவிடுவோம் என்று ஒரு கூச்சம். கேட்பதற்குப் பதிலாக என் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? தினமும் அவனுக்குப் போன் போட்டு, "அம்மாளுக்கு இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பில் போட வேண்டும் என்று அவன் கேட்டதும் ஆதார் அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியும் விட்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை அவனே கூப்பிட்டான். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, வளர்பிறைங்க. வேற ரெண்டு பேரு கேட்டுட்டு இருக்காங்க, ஆனா உங்க தங்கச்சி பேசுனதுல அவங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க. பத்தரைக்குள்ள பாதிப் பணத்த அட்வான்ஸா போட்டுடுங்க. அதுக்கு மேல ராகு காலம் வந்துரும். மொத மொதலா தொழில் தொடங்கறாங்க, நேரம் தப்பக் கூடாதுங்க."

என் தங்கை உருகிப்போனாள். நேரங்காலம் பார்க்கிற மனிதர், தப்பாக இருக்க மாட்டார் என்றாள். நான் ராகு காலம் பார்க்கிறவள் இல்லை. ஆனால் பார்க்காதே என்று அவளிடம் சொல்லுகிற தைரியமும் எனக்கு இல்லை. நாளைக்கு மெஷின் ஓடவில்லை என்றால் பழி என் தலையில் விழும்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மாடு வாங்கினாலும் மனை வாங்கினாலும் நல்ல நேரத்தில் அட்வான்ஸ் கை மாறிவிட வேண்டும். கையில் பெரிய பணம் இல்லையென்றால் ஒரு ரூபாய் போதும். அந்த ஒரு ரூபாயை விற்கிறவர் வாங்கிவிட்டால் பொருள் வாங்குகிறவருடையது. மீதியை மத்தியானம் கொடுக்கலாம், மறுநாள் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வேறு ஒருவர் வந்து கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையில் முகூர்த்தக் கூட்டம். பட்டுப் புடவைப் பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. யூனிட்டுக்கு லீவு போட்டிருந்த தங்கை தன் கணக்கிலிருந்து பணத்தை என் கணக்குக்கு மாற்ற வேண்டும், நான் அதை அவனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. புது நம்பருக்குப் பெரிய தொகை அனுப்ப அவளுக்குப் பயம், எனக்கு அனுப்புவது பழக்கம். ஆனால் பணம் வரவில்லை. வங்கியின் சர்வர் வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறதாம். பத்து மணி தாண்டிவிட்டது. அவள் அழாத குறை.

"அக்கா, உன்ற கணக்குல இருந்து ஒரு ரூபாயாச்சும் போட்டு உடுக்கா. நேரம் நின்னுக்கும். மீதிய அப்பறமா போட்டுக்கலாம்."

மாடிப்படிக்குப் போனேன். அவன் நம்பரைப் போட்டதும் திரையில் ஒரு பெயர் வந்தது. கடையின் பெயர் இல்லை, அவன் சொன்ன பெயரும் இல்லை. எந்த ஊர்ப் பெயர் என்றே பிடிபடாத ஒரு பெயர். பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பெண்டாட்டி பெயரிலும் மச்சான் பெயரிலும் கணக்கு வைத்துக்கொள்வதுதானே நம் ஊர் வியாபாரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த ஒரு ரூபாயை அனுப்பினேன். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"நேரத்துக்கு ஒரு ரூபாய் போட்டுருக்கேனுங்க. பேங்க்ல சர்வர் இல்லியாமா. மீதி மத்தியானத்துக்குள்ள வந்துருமுங்க."

எங்கள் பக்கத்து வியாபாரி என்றால், "சந்தோசமுங்க, மெஷின் இனி உங்களுது" என்பார். இவன், "ஒரு ரூபாயா?" என்றான். "என்ன, வெளையாடறியா? பாதிப் பணம் போடுன்னா ஒத்த ரூபா போடறே?"

"நேரம் தப்பக் கூடாதுன்னு நீங்கதானுங்களே..."

"நேரமாவது மண்ணாவது! பணம் வந்தாத்தான் மெஷினு."

ஒரு நொடிதான். உடனே பழைய குரல் திரும்பி வந்தது. "மன்னிச்சுக்குங்க அம்மணி, ஆஸ்பத்திரி டென்சனுங்க." ஆனால் எனக்கு அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. ராகு காலத்தைத் தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்கு, அந்த ராகு காலத்துக்கு முன்னால் கை மாறுகிற ஒரு ரூபாய் என்னவென்று தெரியவில்லை. எங்களை அவசரப்படுத்துவதற்கு மட்டும் எங்கள் வழக்கத்தில் ஒரு துண்டை எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். நான் வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டான்.

உடனே தங்கைக்குப் போட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றாள் பதிவுக் குரல் பெண். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பெண், அதே அமைதி. யாருடன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் என்னை விட்டுவிட்டு நேராக அவளிடம் போயிருக்கிறான். பணம் முழுவதும் அவள் கணக்கில் இருக்கிறது. சர்வர் எந்த நிமிடமும் சரியாகலாம். பின் நம்பரை அடிக்க எத்தனை நேரம் ஆகும்? அவன் அந்தக் குரலில் அம்மணி என்று கூப்பிட்டு, அக்காள்கிட்ட சொல்லியாச்சுங்க, நீங்க போட்டு விடுங்க என்றால் அவள் போட்டுவிடுவாள்.

கடையை விட்டு இறங்கி நடந்தேன். மேற்பார்வையாளர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. ஏன் அந்தக் குறுக்குத் தெருவை நோக்கிப் போனேன் என்று கேட்டால் பதில் தெரியாது. கொடுமுடிக்கு ஓட முடியாது, வேறு எங்காவது ஓட வேண்டியிருந்தது. டவுன் பஸ்களுக்கு நடுவே, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டே போனேன். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் செல்போனில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் எவன் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம் என்று தோன்றியது. வாட்சப்பில் "போடாதே போடாதே" என்று எழுதி எழுதி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை.

கடை திறந்திருந்தது.

இந்த வாரம் முழுக்கச் சாத்தியிருக்கும் என்று அவன் சொன்ன கடை. படத்தில் பார்த்த அதே பெயர்ப் பலகை. உள்ளே பெரியவர் ஒருவர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தே எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்களும் அட்வான்ஸ் போட்டுட்டீங்களா?"

நீங்களும் என்றார். அந்த 'நீங்களும்' கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் கடைப் படத்த எடுத்து எவனோ போட்டுட்டானுங்க, கரூர்ப் பக்கத்துலிருந்து ஒரு அம்மா வந்து இந்தப் படியிலேயே உக்காந்து அழுதுட்டுப் போச்சு, போலீஸ்லயும் எழுதிக் கொடுத்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உங்க அம்மா ஆஸ்பத்திரியில் இல்லையா என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"எங்கம்மா போயி ரொம்ப வருசமாச்சுங்களே" என்றார்.

அப்போதுதான் என் செல்போன் அடித்தது. தங்கை.

"பணம் போட்டியா?"

"ஏனக்கா இப்பிடிக் கத்தறே? அவருகூடத்தான் இவ்வளவு நேரம்..."

"போட்டியா இல்லியா, அதச் சொல்லு!"

"எப்பிடிப் போடறது? ராகு காலம் ஆரம்பிச்சிருச்சே. பன்னண்டு மணிக்கு மேல போடறேன்னு சொல்லிப்போட்டேன்."

நான் ஸ்டூலில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பத்தரை ஆவதற்குள் சர்வர் சரியாகவில்லை. ஆன பிறகு சரியாகியிருக்கிறது. உடனே போடுங்கள், போனை வைக்காதீர்கள், நான் சொல்லித் தருகிறேன் என்று அவன் மன்றாடியிருக்கிறான். இவள் அசையவில்லை. "ராகு காலத்துல போடக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் பரவாயில்லை என்றானாம். எனக்கு அப்பிடியில்லீங்களே என்றாளாம். நடுவில் அவள் வழக்கம்போல அம்மாளுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறாள்.

"எந்த அம்மான்னு கேட்டாருக்கா. பாவம், மனசு கொழம்பிப் போயிருக்காரு" என்றாள்.

சிரித்திருக்க வேண்டிய இடம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

ராகு காலம் எங்களைக் காப்பாற்றியது என்று என் தங்கை இப்போதும் சொல்கிறாள். நான் அதற்குத் தலையாட்ட மாட்டேன். அதே ராகு காலத்தைக் காட்டித்தானே எங்களை விரட்டினான்? காலையில் சர்வர் ஒழுங்காக வேலை செய்திருந்தால் பாதிப் பணத்தைப் பத்து மணிக்கே அனுப்பியிருப்பேன். பெயர் வேறாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே அனுப்பியிருப்பேன். எங்கள் புத்தி எங்களைக் காப்பாற்றவில்லை. வங்கியில் எங்கோ ஒரு கோளாறு, அவ்வளவுதான். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அதிகமாகப் பயம் வருகிறது.

பன்னிரண்டு அடித்ததும் அவன் அவளுக்குப் போன் போட்டான். எடுக்காதே என்று சொல்லியிருந்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு எனக்கு அடித்தது. பிறகு அவளுக்கு ஒரு படம் வந்தது. அவளுடைய ஆதார் அட்டை, அவள் முகம், அவள் வீட்டு முகவரி. கீழே, "ஊடு தெரியும்" என்று இரண்டே வார்த்தை. பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போய்க் கதவைத் தட்டினால் திறக்கவில்லை. நான்தான் என்று சொல்லியும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம். எங்கள் கடையில் துணி மடிக்கிறவள் ஒருத்தி, "ஒரு ரூபாய்தானேக்கா போச்சு, அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள். அவளை முறைத்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் என் தங்கை இன்றைக்கும் அதைத் தொடுவதில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொள்கிறாள். வீட்டு முன்னால் யாராவது வண்டியை நிறுத்தினால் அவள் கால் மெஷினின் பெடலிலிருந்து விலகிவிடுகிறது. போனது ஒரு ரூபாய் மட்டும் இல்லை என்று எப்படி விளக்குவது?

மெஷின் வந்துவிட்டது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அந்தப் பெரியவரிடமே வாங்கினோம், இப்போது கொடுமுடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, குழந்தைகள் உடுப்பு சந்தைக்குப் போகிறது. ஆனால் அதை வாங்கப் போன நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. யூனிட்டில் வேலையை விட்டாயிற்று, வியாபாரி காத்திருக்கிறார், வேறு வழியில்லை. இரண்டு பேருமாக அந்தப் பெரியவரின் கடைக்கே போனோம்.

எங்கள் கண்ணெதிரே ஓவர்லாக் மெஷினை ஓட்டிக் காட்டினார். துண்டுத் துணியின் ஓரம் அழகாக அடித்து வந்தது. என் தங்கை பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனி இது உங்க மெஷினுங்க அம்மணி" என்றார். அன்றைக்கு எங்கள் கடை மாடிப்படியில் நின்று நான் எதிர்பார்த்த சொல் அதுதான்.

பிறகு மீதிப் பணம். என் தங்கை அவர் நம்பரைப் போட்டாள். திரையில் பெயர் வந்தது. "உங்க பேரென்னங்க?" என்று அவரையே கேட்டாள். சொன்னார். அதே பெயர்தான். கடைப் பலகையிலும் அதுதான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் அவள் விரல் இறங்கவில்லை. திரை அணைந்தது, மறுபடி தொட்டு ஏற்றினாள், மறுபடி அணைந்தது. போடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பயமா இருந்தா இன்னிக்கு வேண்டாமுங்க அம்மணி. மெஷின எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு அப்பறமா பணம் போடுங்க. எங்க போயிறப் போறீங்க? நம்ம சனந்தானுங்க."

ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன கொடுக்க முடியும்? ஆனால் அதைக் கேட்டதும் என் தங்கை செல்போனைப் பர்ஸுக்குள் திணித்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அக்கா, வா போயிரலாம்" என்றாள் மெதுவாக. "அவனும் இப்பிடித்தான் பேசினான்."

சின்னக் கடை. அவர் காதில் விழுந்துவிட்டது. இன்னும் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.